பரிசு பெறாத சொல்

பட்டாபிராமில் நான் குடியிருக்கும் தெருவுக்குச் சமீபமான ஒரு பள்ளிக்கூடத்தில், சென்ற வருஷம் ஆண்டு விழாவை ஒட்டி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எனக்குப் பிரியமான தமிழ்ச் சொல்' என்ற தலைப்பில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன், பத்திரிகைகளில் எப்போதாவது எழுதுகிறவன், கூப்பிட்டால் மறுக்காமல் வந்துவிடுகிறவன் என்ற மூன்று யோக்கியதைகளை உத்தேசித்து, நடுவர் மூவரில் ஒருவனாக என்னையும் உட்காரவைத்தார்கள். மின்விசிறி சுழலும்போதெல்லாம் பறக்கப் பார்த்த தாள்களின் மேல் ஒரு சாக்பீஸ் பெட்டியைப் பாரமாக வைத்து, ஒவ்வொன்றாக உருவி வாசித்தோம். பாதிக்கு மேல் 'அம்மா'. மிச்சத்தில் 'தமிழ்', 'அன்பு', 'நட்பு', 'அமுதம்', 'வெற்றி'. எல்லாம் உத்தமமான சொற்கள்; எல்லாவற்றுக்கும் எழுதப்பட்ட காரணங்களும் உத்தமமானவை; ஏறக்குறைய ஒரே கையால் எழுதப்பட்டவை போல இருந்தன.

ஒரே ஒரு பெண் மட்டும் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தாள். அவள் சொன்ன காரணம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் அப்பா, சாம்பாரில் உப்புக் கூடிப்போயிருந்தால் 'பரவாயில்லை' என்பாராம். குறைந்துபோயிருந்தாலும் 'பரவாயில்லை' என்பாராம். எல்லாம் பக்குவமாக அமைந்து வாய்க்கு இதமாக இருக்கும் நாளில், தலையை லேசாக ஆட்டி, 'ம், பரவாயில்லையே' என்பாராம். மூன்றில் எது எந்தப் பரவாயில்லை என்று அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும், ஆகையால் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும் என்று முடித்துவிட்டிருந்தாள். 'ருசி' என்பதை 'றுசி' என்று எழுதி, சந்தேகப்பட்டு அதன்மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் மறுபடியும் 'றுசி' என்றே எழுதியிருந்தாள்.

முதல் பரிசை இந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், என் பக்கத்தில் இருந்த நடுவர், தலைப்பு 'தமிழ்ச் சொல்' என்றிருப்பதைச் சுட்டிக்காட்டி, 'பரவா' என்பது பார்ஸி பாஷையிலிருந்து உருது வழியாக வந்து ஒட்டிக்கொண்டது, தமிழாக இருப்பது 'இல்லை' மட்டுமே, ஆகவே இது போட்டிக்குள்ளேயே வராது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னதில் அட்சரம் பிசகில்லை. பார்ஸியில் 'பர்வா' என்றால் கவலை, பொருட்படுத்துதல். கவலை அவர்களிடமிருந்து வந்தது, அதை இல்லை என்று சொன்னது நாம். மூன்றாவது நடுவரும் தலையை ஆட்டிவிட்டார். பரிசு 'அம்மா'வுக்கும் 'அமுத'த்துக்கும் போயிற்று. நானும் 'பரவாயில்லை' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் தகப்பனார் சொல்லும் மூன்றில் எதிலும் சேராத நாலாவது வகை அது. அங்கே வாதாடியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பிரியமான சொல் எது என்று ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்பது நம் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் உரிய வேடிக்கையன்று. 2004-ஆம் வருஷத்தில், பிரிட்டிஷ் கவுன்சில் தன் 70-ஆவது ஆண்டைக் கொண்டாடும் முகாந்திரத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத 102 நாடுகளில் 40,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம், ஆங்கிலத்திலேயே அழகான சொல் எது என்று கேட்டது. அம்மாவைக் குறிக்கும் 'மதர்' என்ற சொல் முதலில் வந்தது, காதல் நாலாவதாகத்தான் வர முடிந்தது. அதே வருஷத்தில் ஜெர்மானியர்களும் தங்கள் பாஷையில் ஒரு போட்டி நடத்தினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அம்மாவையுமல்ல, அன்பையுமல்ல. 'ஹாப்சேலிக்கைட்டன்' என்று வாயை நிறைக்கும் ஒரு சொல். ஏழை எளியவன், ஊரைவிட்டுக் கிளம்புகிறவன், ஒரு மூட்டையில் கட்டிக்கொள்ளக்கூடிய அற்ப உடைமைகளுக்கு அந்தப் பெயர். நம் பாஷையில் சொன்னால் தட்டுமுட்டுச் சாமான். உடைமை என்ற சொல்லும் பேரின்பம் என்ற சொல்லும் அதற்குள் கைகோத்து நிற்பதாகப் பரிசுக்குக் காரணம் சொல்லப்பட்டது. அந்தப் பிரிப்பு சரியல்ல, பேரின்பத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் பிறவியில் சம்பந்தமே கிடையாது என்று பதவியல் அறிந்தவர்கள் சொல்வார்கள். ஆனாலும் கேட்கிற காதுக்குப் பேரின்பம் கேட்கத்தானே செய்கிறது!

நாமும் அப்படித்தான் இருக்கிறோம். சி.டி.எச். சாலையில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து உண்டாக்கினது என்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரலை மடக்கி, யாராவது ஒருவர் சத்தியம் செய்வார். முதல் விஜயந்தா டாங்கி அங்கே உருவானது 1965-இல். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே தன் லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றியபோதும் ஊருக்கு ஆவடி என்றுதான் பெயர். இதைச் சொல்லி அவரை மடக்கலாம், மடங்க மாட்டார். இதற்கு நேர்மாறாக, நம் பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவின் பெயர் மெய்யாகவே 'டிட்கோ', 'எல்காட்' என்ற இரண்டு சர்க்கார் நிறுவனங்களின் பெயர்களை வெட்டி ஒட்டியது. அதை யாரும் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அது இன்னும் நம்முடைய சொல் ஆகவில்லை போலும். நம் பெண்களும் பிள்ளைகளும் சில வருஷம் அங்கே வேலைக்குப் போய், மாலையில் அலுத்து வீடு திரும்பினால், அதற்கும் ஒரு கதை முளைத்துவிடும்.

'அம்மா'வுக்குப் பரிசு கொடுத்ததில் எனக்கு மனஸ்தாபம் இல்லை. பிள்ளைகள் எழுதிய காரணங்கள்தாம் போதவில்லை. பத்து மாதம் சுமந்தாள், பாலூட்டினாள் என்பது தாயின் பெருமையே ஒழிய, சொல்லின் பெருமை ஆகாது. எந்த தேசத்துத் தாயும் அதைச் செய்கிறாள். நம் 'அம்மா' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு: அது மேலே போகிறது, கீழே வருகிறது, எதிரே நிற்பவர்மேலும் விழுகிறது. பெற்றவளையும் அம்மா என்கிறோம். பெற்ற பெண்ணையும் 'என்னம்மா' என்கிறோம். முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் 'கொஞ்சம் நகரும்மா' என்கிறோம். அம்பாளையும் அம்மா என்கிறோம். கல்லில் கால் இடறினாலும் அவளைத்தான் கூப்பிடுகிறோம்.

இந்த விசேஷத்தை ஒரு கோயிலாகவே கட்டிவைத்திருக்கிறார்கள், அதுவும் நம்மிடமிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி. பட்டாபிராமை விட்டால் நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. வைகுண்டத்தைவிட்டுக் கோபித்துக்கொண்டு வந்த திருமகள் நின்ற ஊராகையால் திருநின்றவூர் என்பது ஸ்தல புராணம். அவளைச் சமாதானம் செய்து அழைத்துப்போக வந்த சமுத்திரராஜன், வாய் தவறியோ மனம் உருகியோ, 'என்னைப் பெற்ற தாயே' என்று விளித்தானாம். அதனால் அந்தச் சந்நிதியில் தாயாரின் திருநாமமே 'என்னைப் பெற்ற தாயார்'. இதில் உள்ள நயத்தை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. லக்ஷ்மி பாற்கடலில் பிறந்தவள். சமுத்திரராஜன் அவளைப் பெற்ற தகப்பன். பெற்றவன் பெண்ணைப் பார்த்து என்னைப் பெற்றவளே என்கிறான்! வேறு தேசத்துப் பண்டிதர் ஒருவருக்கு இதை விளக்குவதானால் பாஷ்யம் எழுத வேண்டியிருக்கும். நமக்கோ, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கும் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து, 'எழுந்திரும்மா, என்னைப் பெத்தவளே, ஒரு வாய் சாப்பிடு' என்று கெஞ்சும் தகப்பனை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். புராணம் பண்ணினவர் அந்தத் தெருவில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதே ஊரில் சிவன் கோயிலும் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. கல்லும் காசும் இல்லாத பூசலார் நாயனார், மனத்துக்குள்ளேயே அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, மதில் கட்டி முடித்த கோயிலுக்கு, காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலை விட்டுவிட்டு இறைவன் முதலில் எழுந்தருளினார் என்பது பெரிய புராணம் சொல்லும் சரித்திரம். சுவாமிக்கு இருதயாலீஸ்வரர் என்று பெயர். அந்தப் பெயரில் 'இருதயம்' இருக்கிற ஒரே காரணத்தால், நெஞ்சில் நோய் கண்டவர்கள் அங்கே வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போகிறார்கள். 'உள்ளக்கோயில்நாதர்' என்று சுத்தமான தமிழில் பெயர் அமைந்திருந்தால் அவர்கள் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்; டாக்டர் வாயிலும் எக்கோ அறிக்கையிலும் கேட்டுப் பயந்த அதே சொல்லை அர்ச்சகர் வாயிலும் கேட்பதில் அவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. (மனத்தில் கோயில் கட்டினவரை நாயனார் ஆக்கிய நாம், மனத்தில் கோட்டை கட்டுகிறவனை மட்டும் ஏன் பரிகசிக்கிறோம் என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.)

ஒரு சொல்லின்மேல் பிரியம் பிறப்பது எங்கே என்று கேட்டால், ஒலியிலும் அர்த்தத்திலும் அதைத் தேடுவது வீண் பிரயாசை என்பேன். எந்த வாயிலிருந்து, எந்த நேரத்தில், என்ன காரியமாக அது நம்மிடம் வந்தது என்பதுதான் விஷயம். குலம் கோத்திரம் விசாரிப்பது அதற்கு அப்புறம், அநேகமாகத் தேவையில்லாமல், நடக்கிறது. இப்படிச் சொல்வதால் தனித்தமிழ்க்காரர்களை நான் இகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1916-இல் வேதாசலம் என்ற தம் பெயரையே கழற்றி வைத்துவிட்டு மறைமலை என்று ஆனாரே, அவருடைய பிரியத்துக்கு முன்னால் நம்முடையது எம்மாத்திரம்! அவர் தம்மைத் தாமே மாற்றிக்கொண்டார். எட்டாம் வகுப்புப் பெண்ணின் சாம்பாரில் போய்க் கல் பொறுக்கவில்லை.

பாரதியாருக்கும் இந்த அவஸ்தை உண்டு. சபைகளில் இருக்கும் 'மெம்பர்' என்பவரைத் தமிழில் என்ன என்று சொல்வது என்று அரைமணி நேரம் யோசித்து, அவயவி, சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒன்றும் மனத்துக்குப் பொருந்தாமல், கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதை அவரே வியாசம் ஒன்றில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சொல்லில் அவ்வளவு ஆசை உள்ள மனிதர்தான் இப்படித் தோல்வியை ஒப்புக்கொள்ள முடியும். பிற்பாடு 'உறுப்பினர்' வந்தது, சட்டசபையிலிருந்து சங்க ரசீது வரை அது நிலைத்துவிட்டது, நல்ல சொல்தான். கிராமப் பஞ்சாயத்தில் மாத்திரம், குழாயில் தண்ணீர் வராவிட்டால், இன்றைக்கும் ஜனங்கள் 'மெம்பரை'த்தான் தேடிக்கொண்டு போகிறார்கள்.

போட்டி வைப்பவர்களோடு எனக்குள்ள நிஜமான வழக்கு வேறு. பிள்ளைகள் வீட்டில் பேசும் சொல்லைப் பள்ளிக்கூடத்து வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வருகிறார்கள்; உள்ளே வந்ததும் விழாமேடைச் சொற்களை உடுத்திக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் 'என்னிடம் கொடு' என்பதை 'என்னாண்ட குடு' என்பார்கள். டீச்சர் எதிரே அப்படிச் சொல்லிவிட்ட ஒரு தாய், நாக்கைக் கடித்துக்கொண்டு, 'என்கிட்ட' என்று திருத்திச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். எதற்காகத் திருத்த வேண்டும்? அண்டை வீடு, அண்டை நாடு என்று பத்திரிகைகள் கௌரவமாக எழுதும் அந்த 'அண்டை'தான் 'ஆண்ட' என்று அவள் வாயில் வந்தது. 'அப்பால வா' என்பதில் இருப்பது எந்தப் புலவரும் கூசாத 'அப்பால்'. 'குந்து' என்றால் சிரிக்கிறார்கள். அதுவும் அசல் தமிழ். வசைச் சொல்லான 'கஸ்மால'த்துக்கே பெரிய இடத்துச் சம்பந்தம் உண்டு. போர்க்களத்தில் வில்லை நழுவவிட்டு நின்ற அர்ஜுனனைப் பார்த்துக் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ண பரமாத்மா முதன்முதலாகக் கேட்கும் கேள்வியில் 'கச்மலம்' இருக்கிறது. பாரதப் போரில் ஆரம்பித்த சொல் இப்போது ஷேர் ஆட்டோவில் இடம் விடாதவன்மேல் பிரயோகமாகிறது.

கி. ராஜநாராயணன் தம் கரிசல் காட்டு ஜனங்களின் சொற்களைச் சேகரித்து 1982-இல் ஓர் அகராதியே போட்டார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு நாட்டுக்குச் செய்தார். சென்னை சர்வகலாசாலை, 1924 முதல் 1936 வரை ஆறு பெரிய தொகுதிகளும் 1939-இல் அனுபந்தமுமாக, லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை அடக்கி வெளியிட்ட லெக்ஸிகன் சமுத்திரம் போன்றது; வட்டார அகராதி வீட்டுக் கிணறு. ஒரு ரயில் நிலையத்துக்கே பெயரைக் கொடுத்த இந்துக் கல்லூரி இங்கே 1969 முதல் இருக்கிறது. அதன் தமிழ் மாணவர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, டாங்கித் தொழிற்சாலைக்கும் ராணுவ டிப்போவுக்கும் வேலைக்கு வந்த நெல்லை, தஞ்சை, சேலம், ஆந்திரக் குடும்பங்களின் வீட்டுத் திண்ணைகளில் ஒரு கோடை விடுமுறை உட்கார்ந்து எழுந்தால், என்னென்ன கிடைக்காது? 'சைடிங்' என்று நாங்கள் சொல்வதில் ஒரு மிலிட்டரித் தண்டவாளமும் அதன் கடைசியில் ஒரு குடியிருப்பும் அடக்கம். 'கேட்டு போட்டுட்டான்' என்ற வாக்கியத்தில் போட்டவன் யார் என்று எவனும் கேட்டதில்லை. மேம்பாலம் வந்த பிறகும், தாமதமாக வந்தவன் அந்த முகம் தெரியாத ஆசாமியின் தலையில்தான் பழியைப் போடுகிறான்.

பழைய இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமாக இருந்தார்கள். நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, அதில் ஒன்றுக்கு மங்கலம் என்றே பெயர் வைத்தது. சுடுகாட்டை நன்காடு என்பதும், ஓலையைத் திருமுகம் என்பதும் அந்த வகை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல் குழூஉக்குறி. வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம், உள்ளே போனால் சொல்லையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும் என்பதால். (இதை வைத்த வேடன் இருந்திருந்தால் எந்தப் போட்டியிலும் முதல் பரிசு அவனுக்குத்தான்.) என் தாயார் அரிசிக் குதிருக்குள் கையை விட்டு, அடியில் படி சுரண்டும் சத்தம் கேட்டதும், 'அரிசி இல்லை' என்று சொல்லவே மாட்டாள்; 'நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வந்துடுங்க' என்பாள். காலியான குதிரை நிறைந்தது என்று சொல்லும் அந்தக் குரலில் பயமும் கௌரவமும் நம்பிக்கையும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று இந்த வயதிலும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போது என் மருமகள் கைபேசியில் தட்டினால் அரை மணியில் மூட்டை வாசலுக்கு வந்துவிடுகிறது. குதிரும் இல்லை, 'நிறைஞ்சிருக்கு'ம் இல்லை. அரிசி வருவதில் எனக்குச் சந்தோஷந்தான். அந்தச் சொல்லை எந்தக் கடையில் வாங்குவது?

இந்த வியாசத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திருநின்றவூருக்குப் புறப்பட்டேன். ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே பூக்காரி அப்போதுதான் ஈரத்துணியை விலக்கிக் கூடையை இறக்கியிருந்தாள். தாயாருக்கு இரண்டு முழம் மல்லி வாங்கலாம் என்று பையைத் துழாவினால், ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றுந்தான் இருந்தன. இந்த நேரத்தில் ஐந்நூறுக்கு அவளிடம் சில்லறை எங்கே இருக்கும்? 'பரவாயில்லம்மா, கோயிலாண்டயே வாங்கிக்கறேன்' என்று நகர்ந்தேன்.

'போணி நேரத்துல பரவால்ல கிரவால்லன்னு போகாத சார். அந்தப் பத்து ரூபாய குடு' என்றாள்.

நாணயத்தை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, கூடையையும் தொட்டுவிட்டு இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு விரல் நுனியில் சரத்தைப் பிடித்து, முழங்கை வரை அளந்து, அதற்கு மேலும் நாலு விரற்கடை இழுத்து விட்டுத்தான் நாரை அறுத்தாள்.